கார்ல் ஏன் அப்படி ஊதினார்?

"குடிச்சிருந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

கல்யாண மண்டப வாசலில் வைத்து ஜெசிந்தா கேட்டதற்கு, அவள் புருஷன் கார்ல் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். சாக்ஸபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அவளுக்கு ஆத்திரமாய் வந்தது. வராதா பின்னே? பெங்களூர் ஓட்டல்களில் வருஷக்கணக்காய் ஜாஸ் வாசித்த மனுஷன். அங்கே வாய்ப்பு வற்றிப்போய் மைசூருக்கே திரும்பி, ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு ஊதிக் காலம் தள்ளுகிறார். அவர் சிரித்தே எத்தனை நாளாச்சு!

நர்ஸ் வேலைக்கு நடுவே அவள்தான் அலையாய் அலைந்து, ஒரு பெரிய ஓட்டலின் மேனேஜர் ஸ்ரீவத்ஸனைப் பிடித்தாள். சனிக்கிழமைதோறும் ஜாஸ் கச்சேரி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நடக்கும் இந்த ரிசப்ஷனுக்கு வருவதாகவும், வாசிப்பைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லியிருந்தார் அவர்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மணப்பெண் சைத்ராவும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்க, கார்ல் ஓரமாய் உட்கார்ந்து குழைவாக வாசித்தார். ஸ்ரீவத்ஸன் கண்ணை மூடித் தலையாட்டினார். ஜெசிந்தா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

திடீரென்று கார்ல் மேடைக்குப் பின்னாலிருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, எழுந்து மைக்கை ஒட்டி நின்று வீறிட்டு ஊத ஆரம்பித்தார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. மாப்பிள்ளை வீட்டார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். மனுஷன் கேட்டால்தானே? முகம் சிவக்க ஊதித் தள்ளினார்.

ஸ்ரீவத்ஸன் எழுந்து வந்தார். "ஜாஸ்னு சொன்னீங்க, லாரி ஹாரன் மாதிரி இருக்கே. சாரி மேடம், நமக்குச் சரிப்படாது." சாப்பிடாமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் ஜெசிந்தா விடவில்லை. கிடைத்த ஒரே வாய்ப்பையும் கெடுத்தாச்சே, இனி யாரிடம் போய் நிற்பேன் என்று அழுதே விட்டாள். கார்ல் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சைத்ராவின் அம்மா சாமியாத்தாள். கல்யாணப் பட்டுச் சேலையைக்கூட மாற்றவில்லை. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, ஜெசிந்தா முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

அந்த அம்மா நேரே போய்க் கார்லின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறிருச்சுங்க தம்பி. இனி எங்க ஊரு ஹனூருக்குப் போயி எங்கண்ணனுக்காக வாய்விட்டு அழுவேன்."

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாமியாத்தாள் அவள் பக்கம் திரும்பினார். "நேத்து மேடைக்குப் பின்னால அந்த ரூம்ல இருக்கறப்பத்தாம்மா, அண்ணன் போயிட்டாருன்னு போன் வந்துச்சு. அடக்க முடியாம ஓன்னு கதறிட்டேன். வெளிய கேட்டிருந்தா கல்யாணமே நின்னிருக்கும். உன் வூட்டுக்காரருதான் ஒருத்தர் காதுலயும் விழாம ஊதுனாரு."