யார் வீட்டுப் பிள்ளை?

"யாரு வீட்டுப் பிள்ளை அது? யாராவது தூக்குங்களேன்!"

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினாள் முத்துசெல்வி. குற்றாலத்தில் சாரல் விட்ட நேரம் பார்த்துத்தான் துணி காயப்போட முடியும். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது.

கீழே அவள் மகன் ஈஸ்வரன் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். நான்கு வயது. பிறந்த அன்றே தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதன் வழியாகத்தான் இத்தனை நாளும் மூச்சு விட்டான். போன மாதம் மதுரையில் ஆபரேஷன் செய்து குழாயை எடுத்தாயிற்று. இனி துளை தானாக மூட வேண்டும்.

"நல்லா சாப்பிடட்டும், தூங்கட்டும். மூடலைன்னா திரும்பவும் ஆபரேஷன்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். தினமும் கழுத்துக் கட்டைப் பிரித்துக் குனிந்து உற்றுப் பார்ப்பாள். துளை சின்னதாகியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, ஒன்றும் புரியாது.

"நான் பக்கத்துலயே இருக்கேன். நீ மேல போயி கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா" என்று கணவன் மாரிதான் இன்று அவளை அனுப்பி வைத்தான். வந்த இடத்தில் இந்த அழுகை. கரகரவென்று, விட்டு விட்டு, ஆனால் நிற்காமல்.

ஈரத் துணியைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு, வெளிப்படியில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஹம்தான் அம்மா, பிள்ளைய ஏன்க்கா இப்படி அழ விடுதிய? எம்பிள்ள முழிச்சிருவாம்லா!"

"நல்லாருக்கே கத! இங்கன பாரு."

அக்காவின் இடுப்பிலிருந்த ஹம்தான் வாய் நிறைய முறுக்கோடு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்ப அழுதது யாரு?"

"நானும் அதத்தான் யோசிக்கேன். நம்ம தெருவுல கேக்காத கொரலா இருக்கு. பூனையா இருக்குமோ?"

"பூனை இப்படி ஏங்கி ஏங்கி அழுமாக்கா?"

தெருமுனையில் சீசனுக்கு வந்த வேன் ஒன்று நின்றது. முத்துசெல்வி அதன் டிரைவரிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"நீ வேறம்மா! எல்லாரும் அருவியில நிக்காங்க. சந்தேகம்னா எட்டிப் பாரு."

பார்த்தாள். சீட்டெல்லாம் ஈரத் துண்டுகள்தான் கிடந்தன. அங்கே நின்று கேட்டால் அழுகை தேய்ந்து கேட்டது. திரும்பி நடந்தால் கூடியது. எந்த வீடு? புதிதாக யாரும் குடி வரவும் இல்லையே?

அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இந்தச் சத்தத்தில் ஈஸ்வரன் பயந்து எழுந்தால்? இருமல் வந்து, கொஞ்சம் ஆறியிருக்கிற புண்ணும் பிரிந்துவிட்டால்? வேகமாக வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏங்க, எவ வீட்டுப் பிள்ளையோ இந்தக் கத்து கத்துது, சன்னலையாவது சாத்தக் கூடாதா?"

மாரி திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் மரம் போல நின்றான். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"தூக்காத செல்வி" என்றான். "இன்னும் கொஞ்சம் அழட்டும்."

கட்டிலில் ஈஸ்வரன் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். மூச்செல்லாம் தொண்டைத் துளை வழியே போய்விட, பிறந்ததிலிருந்து அவன் சத்தமில்லாமல் அழுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். காதால் கேட்பது இன்றுதான்.