சாய் மிஷின், ஹம்சா மிஷின்

"ஆத்துல ஃப்ரிட்ஜுக்குள்ள நாலு டப்பாவை ஒழுங்கா அடுக்கத் தெரியாது. நீ டிஸ்க்குல ஃபைல் அடுக்கறதைப் பத்திப் பேச வந்துட்டியா?" என்றாள் ஹம்சா.

"பேச்சை மாத்தாதே. ஈ.எக்ஸ்.டி.ஃபோர்தான் சரி. கல்லு மாதிரி நிக்கும்" என்றான் சாய்சரண்.

மென்பொருள்காரர்கள் எழுதுகிற நிரல்களை, அதாவது சோர்ஸ் கோடுகளை, வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதுதான் அடையாறில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் பிழைப்பு. புது சர்வர் வரப்போகிறது. அதன் டிஸ்க்கில் ஃபைல்களை எந்த முறையில் அடுக்குவது என்பதில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் குடுமிப்பிடி சண்டை. அவன் கட்சி ஈ.எக்ஸ்.டி.ஃபோர். அவள் கட்சி எக்ஸ்.எஃப்.எஸ்.

முதலாளி ஜெயலக்ஷ்மிக்குக் காது வலித்தது. "போதும்ப்பா சாமி! சந்திரிகா, டெஸ்டுக்கு ரெண்டு மிஷின் ரெடி பண்ணு. ஒண்ணுல சாய் சொல்றது, இன்னொண்ணுல ஹம்சா சொல்றது. எல்லாரும் ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எது ஜெயிக்குதோ, அதைக் கேட்டவங்கதான் புது சர்வருக்கு இன்சார்ஜ்."

 சேர்ந்த நாளிலிருந்து இந்த ஆபீஸில் ஹம்சா வெறும் 'சாய் சார் ஒய்ஃப்'. தனக்கென்று ஒரு பொறுப்பு கிடைக்காதா என்று அவள் ஏங்காத நாள் இல்லை.

அன்று சாயங்காலமே, ஆபீஸ் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற சந்திரிகா இரண்டு மிஷின்களையும் தயார் செய்து, ஒன்றில் 'சாய்' என்றும் மற்றதில் 'ஹம்சா' என்றும் சீட்டு ஒட்டிவிட்டாள்.

அதிலிருந்து சாய்சரண் வாய் ஓயவில்லை. "என் மிஷினைப் பாருங்கோ, என்னமா பறக்கறது! அவளோடது முக்கி முனகிண்டு கிடக்கு."

அந்தப் பேச்சு ஆபீஸ் பூராவும் தொத்திக்கொண்டது. "மெய்யாலுமே மேடம், உங்க மிஷின் கொஞ்சம் ஸ்லோவாத்தான் கீது" என்று டெஸ்டிங் பார்க்கிற தௌசீஃபும் தலையைச் சொறிந்தான். போகப்போக ஹம்சாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாசக் கடைசியில் கூட்டம் போட்டு, கை தூக்கச் சொன்னார் ஜெயலக்ஷ்மி. சாய் மிஷினுக்குச் சடசடவென்று கைகள் உயர்ந்தன. ஹம்சா மிஷினுக்கு ஹம்சாவின் கை மட்டும், அதுவும் பாதிதான்.

"இந்த மிஷின்ல போட்டிருக்கறதை அடிச்சுக்க உலகத்துலயே ஆள் கிடையாது!" சாய்சரண் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"அப்ப முடிஞ்சுது. சாய் மிஷின்ல இருக்கறதேதான் புது சர்வருக்கும். சந்திரிகா, அதோட செட்டிங்ஸை ஸ்க்ரீன்ல போடும்மா" என்றார் ஜெயலக்ஷ்மி.

 ஹம்சா வலிய வரவழைத்த சிரிப்போடு புருஷனுக்குக் கை கொடுத்தாள்.

லேப்டாப்பைப் பார்த்த சந்திரிகாவுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, மேடம்... அன்னிக்கு வடபழனியில எங்க அக்கா ரிசப்ஷன். நேரமாச்சேன்னு, இன்ஸ்டால் பண்றப்போ அது கேட்டதை எதையும் படிக்காம எண்டர் மேல எண்டரா தட்டிட்டு ஓடிட்டேன்."

"அதனால என்ன?" என்றான் சாய்சரண், ஹம்சாவின் கையை விடாமல்.

"அதுவா எதை எடுத்துக்கிச்சோ அதுதான் ரெண்டு மிஷின்லயும் இருக்கு சார்... எக்ஸ்.எஃப்.எஸ்.!"