இரண்டாவது கம்ப்யூட்டர்

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஆன்லைனில் சேமித்துவைத்த கோப்புகளை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் சாதாரண டிரைவ் மாதிரியே திறக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு காலை இணைத்தாள். எல்லாம் ஒழுங்காக வந்தன. திரையின் அடியில் மட்டும், ‘இணைந்துள்ள கம்ப்யூட்டர்கள்: 2’ என்றிருந்தது. வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று.

சந்தேகம் கணவன் மேல் விழுந்தது.

“என் ஃபைலை எல்லாம் எங்க இருந்து திறந்து பாக்கறீங்க?”

“அதுக்கு உன் பாஸ்வேர்டு வேணுமே? என்னோடதே எனக்கு ஞாபகம் இருக்காது!” என்று அவன் சிரித்தான்.

அவள் நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றினாள். இரண்டு இரண்டாகவே இருந்தது.

மதியம், அவர்கள் குடியிருக்கும் வீட்டின் பிளான் பத்து நிமிடத்துக்கு முன் திருத்தப்பட்டதாகக் காட்டியது. திறந்தாள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே, அவள் போடாத ஓர் அறை, எட்டடி அகலத்தில். அழித்தாள். கண்ணெதிரே கோடு கோடாகத் திரும்பி வந்தது.

“டேப்பை எடுங்க.”

கணவன் முணுமுணுத்துக்கொண்டே அளந்தான். வெளியே நாற்பத்திரண்டு அடி. உள்ளே, சுவர்க் கனத்தையும் சேர்த்து முப்பத்துநான்கு. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

“கட்டி முடிச்சப்ப நீதானே அளந்த? சரியாத்தானே இருந்துச்சு?” அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை.

“இருந்துச்சு.”

அவள் திரையைப் பார்த்தாள். அந்த அறைக்கு யாரோ ஒரு கதவு வரைந்துகொண்டிருந்தார்கள். அது படுக்கையறைப் பக்கமாகத் திறந்தது.