கருகிய வயலுக்கு மானியம்

"விதைச்சது நான். கருகினது என் நெல்லு. மானியம் மட்டும் நிலத்துக்காரனுக்கா?"

திருவனந்தபுரத்து விவசாய ஆபீசில் உலகம்மை போட்ட சத்தத்தில் குமாஸ்தாக்கள் தலைதூக்கினார்கள். தோவாளையில் பாட்டத்துக்கு, அதாவது நெல் குத்தகைக்கு, நிலம் எடுத்துப் பயிர் செய்பவள் அவள். வறட்சிக்காகத் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் கொடுத்த பணத்தில் காலணாகூட அவள் கைக்கு வரவில்லை.

அதிகாரி அழகியநம்பி அவளைத் தம் அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார்.

"அநியாயம்தான் அம்மா. நிலத்துக்காரன் யாரு?"

"யாரு கண்டா? இந்தப் பட்டணத்திலே இருக்கானாம். காரியஸ்தன் வேலாயுதன்தான் வந்து பாட்டம் அளப்பான். இந்த வருசம் விதைநெல்லையும் அளந்துட்டுப் போயிட்டான். பிள்ளைக மரச்சீனிக் கிழங்கைத் தின்னு கிடக்கு."

அழகியநம்பியின் முகம் மாறியது.

"சரி, நீ இப்போ போ. நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவசரமாக எழுந்தார்.

அதற்குள் கதவு திறந்தது.

"எஜமானே, நம்ம தோவாளை வயலுக்கு மானியம் வாங்கியாச்சு" என்று மேஜைமேல் நோட்டுக்கட்டை வைத்த வேலாயுதன், உலகம்மையைக் கண்டு வாசலுக்குப் பின்வாங்கினான்.

உலகம்மை அந்தக் கட்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"ஏய்!" என்றார் அழகியநம்பி.

"கத்தும் எஜமானே, நல்லாக் கத்தும். இது யாரு பணம்னு ஆபீசே வந்து கேக்கட்டும்."

அழகியநம்பி வேலாயுதனை வழிவிடச் சொல்லிக் கையசைத்தார். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.