வியாழக்கிழமை முனகல்

தோட்ட ஆபீசில் இருந்தவர்கள்: வெள்ளைக்காரத் துரை, சிரம்பான் நகரிலிருந்து வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர், மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சிவசிதம்பரம், துப்பாக்கியோடு ஒரு காவல்காரன், உட்காரச் சொல்லப்படாத வீரமுத்து, அவன் பக்கத்து வீட்டுத் தாயம்மா.

வியாழன் இரவு, ஊரடங்கு நேரத்தில், யாரோ ரப்பர் ஆலைக்குள் புகுந்து ரப்பரைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரத்தின் பற்சக்கரங்களை உடைத்திருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உள்ளாள் ஒருவன் உதவியிருக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜப்பான்காரன் போன நாளிலிருந்து அந்த உருளையைக் கையால் சுற்றுபவன் வீரமுத்து. 'என் தோளைத் தின்ன சனியன், ஒருநாள் உடைஞ்சு தொலையும்' என்று கள்ளுக்கடையில் அவன் கத்தியதைத் தோட்டமே கேட்டிருந்தது.

அன்றிரவு அவன் வீட்டில்தான் இருந்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தடுப்பு முகாம். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்.

அவன் ஒண்டிக்கட்டை.

தாயம்மா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுப்பவள். அவன் முனகலில் தூக்கம் கெடுகிறது, வேறு வீடு கொடுங்கள் என்று இதே ஆபீசுக்கு மூன்று முறை வந்து சண்டை போட்டவள்.

அவள் கிராணியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"வியாழக்கிழமையும் விடிய விடிய இதே கூத்துதாங்க, கிராணி ஐயா. தோளு வலிச்சா முனகட்டும், வேணாங்கல. கன்னு போடற மாடு மாதிரியா கத்துவான்?"

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று புகாரையும் எழுதியவர் அவர்தான். துரை தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

இருவரும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பினார்கள்.

அவள் வாசலில் வீரமுத்து நின்றான். மார்புக்கு மேல் எழாத வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக் கும்பிட்டான். வலியில் கண் கலங்கியது. வலியில் மட்டுமல்ல.

"அக்கா, அன்னிக்கு நான் முனகவே இல்ல. சீனன் கடைத் தைலத்தப் பூசிப் படுத்தவன், காலையிலதான் முழிச்சேன். எத்தன வருஷத்துக்கு அப்புறம்..."

"தெரியும்டா. சுவத்துல காத வெச்சுப் பாத்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்ல."

அப்படியானால் அவன் வீட்டில் இருந்தானா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது.

"அப்புறம் ஏங்க்கா..."

"போய்ப் படு. நீ உசிரோட இருக்கேன்னு தெரியற மாதிரி கொஞ்சமாச்சும் முனகு."

உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.