நூறு எண்ணும் வரை

"டிக்."

விசையை இழுத்தாயிற்று, துப்பாக்கி வெடிக்கவில்லை. நகைக்கடை முதலாளியின் உயிர் தொண்டை வரை வந்து, அங்கே ஏற்கெனவே குடியிருந்த இருமலோடு முட்டிக்கொண்டு நின்றது.

எல்லாம் அந்த இருமலால் வந்த வினை. முதலாளி இருமினாரே என்று வாசல் காவல்காரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த தோட்டாப் பட்டையிலிருந்து ஓர் இருமல் மாத்திரையை உருவிக்கொண்டு உள்ளே போனார். மோதிரம் பார்க்க வந்தவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டான். முதலாளி மேஜைக்கடியில் போலீஸ் பொத்தானை அமுக்கியதைப் பார்த்ததும் சுட்டும்விட்டான்.

"தம்பி, அசையாத!" காவல்காரர் அலறினார். "கூரையப் பாத்துப் பிடி!"

"ஏன்யா கத்தற?"

"தோட்டா அடியில கேப்பு இருக்குல்ல? அது பொறி தட்டி, அந்த நெருப்பு உள்ள மருந்துக்குப் போனாத்தான் வெடிக்கும். கேப்பு நமுத்திருந்தா நெருப்பு மெல்ல ஊந்துக்கிட்டுப் போகும். எப்ப வேணா வெடிக்கும்."

அவன் குழலை மடித்துத் திறக்கப் பார்த்தான்.

"திறந்தா உன் மூஞ்சிதான் போகும். கீழ போட்டா காலு. நூறு எண்ணணும், அதான் முறை."

அவன் எண்ணத் தொடங்கினான். முப்பதில் துப்பாக்கி கனக்கத் தொடங்கியது. ஐம்பதில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது; துடைக்க மூன்றாவது கை இல்லை. முதலாளி இருமலை அடக்கி அடக்கிக் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தார்.

"எழுபத்தொண்ணு... பெரியவரே, எழுபத்தொண்ணா, எழுபத்திரண்டா?"

"சந்தேகம்னு வந்துட்டா முதல்லேர்ந்து எண்ணிடு தம்பி. உயிர் விஷயம்."

இரண்டாம் முறை எண்பத்தாறில் போலீஸ் வந்தது. விலங்கு மாட்டியபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. "பாத்து வாங்குங்க சார், வெடிச்சிரும்" என்று துப்பாக்கியைப் பச்சைப் பிள்ளையைப் போலக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதலாளி அடக்கியதை எல்லாம் இருமித் தீர்த்தார். "நமுத்துப்போன தோட்டாதான்யா என்னைக் காப்பாத்துச்சு! அதை எடு, கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிடறேன்."

காவல்காரர் துப்பாக்கியை மடித்தார். குழலின் ஒரு முனையில் கண்ணை வைத்து, மறுமுனை வழியாக முதலாளியைப் பார்த்தார்.

"உள்ள போட்டாத்தானே முதலாளி நமுக்கும்?"