அறுத்த குழாய்

"மனுஷனா இவன்? ராய்ஸ், வந்து பாரு நம்ம பக்கத்து வீட்டுப் புண்ணியவானோட லட்சணத்தை!"

மார்லா வாசலில் நின்று போட்ட சத்தத்தில், காபியும் கையுமாக ஓடி வந்தான் அவள் புருஷன்.

குப்பை வண்டி வருகிற நாள். பக்கத்து வீட்டு எல்வுட் தன் பழைய பிரஷர் வாஷரைத் தெருவோரம் கொண்டுவந்து வைத்திருந்தார். பெட்ரோலில் ஓடி, தண்ணீரை அசுர வேகத்தில் பீய்ச்சித் தரை கழுவுகிற பெரிய மிஷின். போன மாதம் ராய்ஸ் அதைத்தான் ஒரே ஒரு நாள் இரவல் கேட்டான். "யாருக்கும் குடுக்கிறதில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது அதையே தூக்கிப் போட்டிருக்கிறார். சும்மா போட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் பீய்ச்சுகிற குழாயைக் கத்தியால் இரண்டாக அறுத்துவிட்டல்லவா போட்டிருக்கிறார்!

"வைக்கோல்போர் நாய்! தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது."

"மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது."

"விழட்டும்! அதுக்குத்தானே கத்தறேன். அப்பனும் சரி, மகனும் சரி. கிறிஸ்துமஸுக்கு வந்தானே அவர் மகன், நான் கை குலுக்கப் போனா, கோட்டுப் பையிலேர்ந்து கையை எடுத்தானா? அப்படி ஒரு திமிர்!"

ராய்ஸுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. தச்சு வேலை செய்கிறவன்; கண் முழுக்க மிஷின் மேல்தான்.

"மார்லா, இதை எடுத்துச் சரி பண்ணிடலாம். சனிக்கிழமை பொண்ணு ஸ்கூல் முடிச்ச பார்ட்டி. பின்பக்கத்து மரத்தளம் பூரா பாசி. வர்றவங்க வழுக்கி விழுந்தா?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஷெட்டில் மிஷினோடுதான் குடித்தனம். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது, சுரண்டி எடுத்தான். ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். தார் மாதிரி கறுத்திருந்த ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினான். அறுத்த குழாயை ஒரு பித்தளை மூட்டு வைத்து இணைத்து முறுக்கினான். மார்லா டார்ச் பிடித்தாள். கூடவே எல்வுட்டுக்கு அர்ச்சனையும் நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயிற்றைச் சுண்டி இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். தெருவே அதிர மிஷின் கிளம்பிவிட்டது!

மார்லா கை தட்டினாள். "நல்லா ஓடட்டும்! அந்தாளு சாப்பிட முடியாம தவிக்கட்டும்!"

குழாய் மூட்டில் மட்டும் தலைமுடி கனத்துக்கு ஒரு நீர்க்கோடு.

"இங்கே கசியுது பாரு." ராய்ஸ் விரலை வைத்துப் பொத்தினான்.

"ஸ்ஸ்!"

"என்னாச்சு?"

விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. ராய்ஸ் சிரித்தான். "ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு. இத்தனை நாள் கொஞ்சினேன் இல்லே, ஒரு முத்தம் குடுத்திருக்கு."

"போய்யா, ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கிட்டு வேலையைப் பாரு."

"நிறுத்து! மிஷினை நிறுத்து!"

எல்வுட்! ஒரு காலில்தான் செருப்பு. கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு தொங்குகிறது. வேலியைத் தாண்டி வந்து, தானே மிஷினை அணைத்தார்.

மார்லா எகிறினாள். "இப்ப வேணுமாக்கும் உங்களுக்கு? குப்பையில கிடந்ததை எடுத்தோம், திருடலை!"

அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. ராய்ஸின் கையைப் பிடித்துத் திருப்பினார். புள்ளியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. அடுத்த நிமிஷம் அவன் சட்டையைப் பிடித்துத் தன் வண்டிக்கு இழுத்தார்.

"ஐயோ! என் புருஷனை எங்கே இழுத்துட்டுப் போறீங்க? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"தாராளமாக் கூப்பிடும்மா. வண்டியில ஏறி உட்கார்ந்து கூப்பிடு."

பாதி வழி வரை ராய்ஸ் சிரித்துக்கொண்டுதான் வந்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. விரல் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எல்வுட் "பிரஷர் வாஷர்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நர்ஸ் ஓடினாள். டாக்டர் வந்து பார்த்தார்.

"வெளியேதான்மா புள்ளி. உள்ளே அழுக்குத் தண்ணி உள்ளங்கை வரைக்கும் பாய்ஞ்சிருக்கு. உடனே கிழிச்சுக் கழுவணும்."

தச்சனின் வலது கை! அந்தக் கைதானே குடும்பத்துக்கே சோறு போடுகிறது! பெஞ்சில் உட்கார்ந்த மார்லா, கடவுளே கடவுளே என்று அரற்றிக்கொண்டே இருந்தாள். எல்வுட் எதிரே உட்கார்ந்திருந்தார்; வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியில் ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது.

"கை தப்பிச்சதும்மா. பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத் தூங்கியிருந்தார்னா, கதையே வேற."

பிளாஸ்திரி ஒட்டிக்கச் சொன்ன வாய் மார்லாவின் வாய்தானே.

எல்வுட்டிடம் போனாள். கழுத்துத் துண்டை இன்னும் அவர் அவிழ்க்கவில்லை. அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"விவரத்தை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... நான் உங்களை என்னென்னவோ பேசிட்டேன்."

"எப்படிம்மா சொல்வேன்? அதைச் சொல்ல வாய் வரலியே. என் மகனும் இப்படித்தான் சிரிச்சான். பிளாஸ்திரி ஒட்டிவிட்டதே நான்தான்."

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குழாயை நான் அப்பவே அறுத்திருந்தா, அவன் கையை அறுத்திருக்க மாட்டாங்கம்மா."